பழைய போர்டு யாருக்குச் சொந்தம்

ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது குற்றமா? கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஹாலில் இருந்த பாதிப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சந்தனம் வைத்தது என் மனைவி. அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணியோடு. அவள் சிரித்தாலும் அழுதாலும் சத்தம் வராது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நான் சிதம்பரத்தில் பத்திரம் எழுதுகிறவன். இருபத்தெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. கோபக்காரன். நான் யாரிடமாவது கத்த ஆரம்பித்தால் பதிவு ஆபீஸ் வாசலில் டீ போடுகிறவர் எனக்கென்று ஒரு கிளாஸ் எடுத்து வைப்பார், தொண்டை காய்ந்து வருவான் என்று. வீட்டில் என்னை அடக்க ஒரு ஆள் உண்டு. "ஏங்க, போதும், தெரு பூரா கேக்குது" என்று அவள் ஒரு தடவை சொன்னால் போதும், நான் அடங்கிவிடுவேன்.

முந்தின வருஷம் ஆடியில் அவளுக்குக் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு வராது என்றார். அவள் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "எப்ப வரைக்கும் பேசலாம்?" என்பதுதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு மென்பொருள் இருக்கிறதாம். அதில் அம்மா ஆயிரக்கணக்கான வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து வைத்தால், பிறகு அவள் என்ன டைப் அடித்தாலும் அவள் குரலிலேயே கம்ப்யூட்டர் சொல்லுமாம். அதற்காகவே புது லேப்டாப் வாங்கினோம். ஆவணிப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று வாரம் வாசித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று, கீரைக்காரி, கேஸ்காரன் யாரையும் கத்தவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் வாசித்தாள். மிச்ச வேலையை மகள் தீபாவளிக்கு வரும்போது உட்கார்ந்து முடிப்பதாக ஏற்பாடு.

காப்பி எடுத்து வைத்திருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். ஊரே கேட்டாயிற்று. ஒரு பத்திரத்துக்கு மூன்று நகல் எடுத்து வைக்கிறவன் நான். ஆபரேஷன், ஐசியூ, குழாய் வழியாகக் கஞ்சி என்று ஓடிக்கொண்டிருந்ததில் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் எழுந்து, மிக்ஸி, கிரைண்டர், என் ஸ்கூட்டர், என் பேனாக்கள், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். லேப்டாப்பை மூடி, மேலே மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் கும்பிட்டாள். அதற்குள் அவள் குரல் இருக்கிறதல்லவா. அடுத்த வாரம், ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்று மகள் சொன்னாளே என்று திறந்து பார்த்தால், பட்டனை எவ்வளவு அழுத்தியும் திரை கறுப்பாகவே இருந்தது.

கடலூரில் அந்த லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கவுண்டரில் ஒரு பெண். அடி மூடியைக் கழற்றச் செய்து, உள்ளே ஒரு சின்ன ஸ்டிக்கரைக் காட்டினாள். "தண்ணி பட்டா இது செவப்பாவும் சார். லிக்விட் டேமேஜ். வாரண்டி வராது."

"தண்ணியும் படல, ஒரு மண்ணும் படல" என்றேன்.

அவள் லேப்டாப்பைத் திருப்பி மேல் மூடியைக் காட்டினாள். காய்ந்த சந்தனம். "அப்ப இது என்னா சார்?"

நான் கத்தினேன். எந்த அளவுக்குக் கத்தினேன் என்றால், மேனேஜர் வெளியே வந்து மேலிடத்துக்குப் போன் போட்டுப் பேசி, "உங்களுக்காக ஸ்பெஷல் கேஸா உள்ள இருக்கிற மதர்போர்டை ஃப்ரீயா மாத்தித் தர்றோம்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். போர்டு போனாலும் உள்ளே இருப்பது தனியாக இருக்கும், எடுத்துப் போடுவார்கள், பழசைக் கையில் கொடுப்பார்கள் என்று நானாக ஒரு கணக்கு. ஸ்கூட்டர் மெக்கானிக் பழைய பிளக்கைக் காகிதத்தில் சுற்றித் தருவதில்லையா? "பழைய போர்டு குடுத்துருவீங்க இல்ல?" என்று கேட்டேன். "பாக்கலாம் சார்" என்றபடி அந்தப் பெண் ஒரு தாளை நகர்த்தினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

நான் அதே குறியை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை போடுகிறவன். "இங்க போடுங்க, இங்க, இங்க ஒண்ணு" என்று சொல்வேன், ஜனங்கள் போட்டுக்கொண்டே போவார்கள். படித்துக் காட்டட்டுமா என்று கேட்பேன், வேண்டாம் என்பார்கள். அந்தக் குறியைப் பார்த்ததும் என் கை தானாகப் போய்விட்டது. ஒரு வரி படிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து லேப்டாப் உயிரோடு வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. இந்த மாடலில் எல்லாம் போர்டிலேயே ஒட்டித்தான் வருமாம், தனியாகப் பிரிக்க முடியாதாம். பழைய போர்டு எங்கே என்றேன். அது கம்பெனிக்குப் போய்விட்டது என்றார்கள். திருப்பிக் கொடு என்றேன். அந்தப் பெண் நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, பொடி எழுத்தில் ஒரு வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள். மாற்றப்பட்ட உதிரிபாகங்கள் கம்பெனியின் சொத்தாகிவிடும், தகவல் இழப்புக்குக் கம்பெனி பொறுப்பல்ல.

"ஏம்மா, கிரயப் பத்திரத்துல நாங்க என்னா எழுதுவோம் தெரியுமா? நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்னு எழுதுவோம். மண்ணுக்கு அடியில பொதையல் கெடந்தா அதுவும், தண்ணியும், மரமும், கல்லும் வாங்குனவனுக்குத்தான். காசு குடுத்து நான் வாங்குன பெட்டிக்குள்ள இருக்கிறது எப்படி உன் கம்பெனி சொத்தாவும்?"

"நீங்கதான சார் சைன் பண்ணியிருக்கீங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தேன். வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் எழுதிக் காட்டும் நோட்டு. என்னாச்சு என்று கண்ணால் கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "உன்ன யாருடி சந்தனம் வைக்கச் சொன்னது? ஈரம் உள்ள போயி எல்லாம் போச்சு. உன் கொரலு போச்சு" என்று கத்தினேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி நான், அதற்கப்புறமும் உண்மையைச் சொல்லவில்லை.

கடலூர் முதுநகரில் ரயில் நிலையம் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் போர்டு ரிப்பேர் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம், படகு எஞ்சினில் ஆரம்பித்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சந்தனமா? மூடி மேல பூசுனது உள்ள எப்பிடி மாமா எறங்கும்?" என்றார். "அந்த ஸ்டிக்கரு நம்மூரு உப்புக் காத்துக்கே செவந்துரும். கரண்ட் வாங்குற எடத்துல ஏதோ போயிருக்கும். அத மாத்துனா போர்டு முழிச்சுக்கும், அவுங்க கொரலு அப்பிடியே இருக்கும். சர்க்யூட் படத்த கம்பெனிக்காரன் வெளிய வுட மாட்டான், நாங்க தடவித் தடவித்தான் பாக்கணும். ஜாஸ்தி நாள் ஆவும், ஆனா பண்ணிரலாம். போர்ட மட்டும் எப்பிடியாச்சும் வாங்கிட்டு வாங்க மாமா."

அன்றைக்கே வக்கீல் இல்லாமல் நானே மனு எழுதிக் கடலூர் ஆணையத்தில் போட்டேன். பழைய போர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் என் பிரதான கோரிக்கை. கம்பெனி பதில் தாக்கல் செய்தது. பழைய பாகங்கள் வெளியே போனால் தொழில் ரகசியம் போய்விடுமாம், கண்டவர்கள் கழற்றினால் தீப்பிடிக்குமாம், சுற்றுச்சூழல் கெடுமாம். டிவியில் ஒரு நாள் ரிப்பேர் செய்யும் உரிமை பற்றிக் கோட்டுப் போட்ட நாலு பேர் விவாதம் நடத்தினார்கள். என் மனைவி சத்தத்தை அதிகமாக வைத்துவிட்டு, முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள். விவாதம் முடிந்ததும் நோட்டில், "நான் சந்தனம் வச்சத கேட்டா தப்பு நம்ம மேலதான்னு சொல்லிடுவாங்களா?" என்று எழுதி நீட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பார்ப்போம்" என்றேன்.

பத்து மாதம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளும் வந்தாள். அந்தப் பத்து மாதமும் அவள் சாமி படத்துக்குக்கூடச் சந்தனம் வைக்கவில்லை.

கடைசி விசாரணையன்று ஆணையத் தலைவர், அந்தப் போர்டில் அப்படி என்னதான் இருந்தது, நீங்களே சொல்லுங்கள் என்று அவளைக் கேட்டார். அவள் எழுதினாள். இரண்டு பக்கம். பெஞ்ச் கிளார்க் வாங்கி வாசித்தார். மகளைக் கூப்பிடும் செல்லப் பெயர். சாப்டீங்களா. மழை வருது, துணிய எடுங்க. அப்புறம், "எங்க வீட்டுக்காரரு கத்துறப்ப திட்டறதுக்குன்னே நாப்பது வாக்கியம் தனியா பேசி வச்சிருந்தேன் ஐயா. நான் திட்டலன்னா அவரு அடங்க மாட்டாரு." அவள் பேச்சை அன்றைக்கு ஒரு ஆம்பளைக் குரலில் கேட்டேன்.

அப்போதுதான் கம்பெனி வக்கீல் லேப்டாப் மூடியின் படத்தை நீட்டி, சந்தனத்தைக் காட்டினார். ஹால் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. சர்வீஸ் சென்டர் எடுத்த மற்ற படங்களையும் வாங்கிப் பார்த்தார். "உள்ளே எல்லாம் காய்ஞ்சு சுத்தமா இருக்கே. மேலே வச்ச பொட்டு என்ன செய்யும்?" என்று கேட்டார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஆபரேஷனுக்கப்புறம் நான் பார்த்ததில்லை.

வக்கீல் விடவில்லை. "காரணம் எதுவா இருந்தாலும், பழைய போர்டை எங்களுக்கு எழுதிக் கொடுத்தது மனுதாரர்தான். விதிப்படி அதை அப்பவே அழிச்சாச்சு. அவரு தொழிலே பத்திரம் எழுதறது, படிக்காம போட்டேன்னு சொல்ல முடியாது" என்று அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

அவள் கையை நீட்டி அதைக் கேட்டாள். பொடி எழுத்து முழுவதையும் விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். தேதியைப் பார்த்தாள். நான் வீட்டுக்கு வந்து அவளிடம் கத்திய நாளுக்கு இரண்டு நாள் முந்தின தேதி. என் கையெழுத்தைப் பார்த்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆணை எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது. உள்ளே இருப்பது அழியும் என்று வாயால் எச்சரிக்காதது சேவைக் குறைபாடு, புது லேப்டாப்பும் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. இல்லாத போர்டை யாராலும் கொடுக்க முடியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் கை கொடுத்தார்கள். கம்பெனியையே மண்டி போட வச்சிட்டியே மாமா என்று ஒருவர் லட்டு வாங்கிவந்தார்.

அவள் பால்காரருக்கு எழுதிக் காட்டுகிறாள். எதிர்வீட்டு அம்மாவிடம் நோட்டில் மணிக்கணக்காகப் பேசுகிறாள். எனக்கு ஒரு எழுத்துக் கிடையாது. காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன், திட்டியாவது எழுது, அந்த நாற்பதில் ஒன்றையாவது எழுது என்று. நோட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போகிறாள். சோறு போடுகிறாள், சட்டையை மடித்து வைக்கிறாள். ஏதாவது தேவையென்றால் மகளுக்கு மெசேஜ் அனுப்புகிறாள்.

நேற்று சாயங்காலம் மகள் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்குத் தண்ணி வேணுமாம்" என்றாள். நான் என் மனைவிக்கு நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.