சனிக்கிழமைதோறும் கெட்டுப்போன டச்பேட்

நான் ஆறாவது படித்த வருடம் எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஓசூர் தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு கம்பெனி, அம்மாவுக்கு ஒரு கம்பெனி. பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் கெஞ்சி, ஆளுக்கொரு ஷிப்டாக வாங்கியிருந்தார்கள். ஆகவே நான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. பக்கத்தில் குறட்டை இருந்தது. இருப்பதோ ஒற்றை அறை. டிவிக்குச் சத்தம் வைக்கக் கூடாது, பாத்திரத்தை உருட்டக் கூடாது, வாய்விட்டுப் படிக்கவும் கூடாது. பள்ளிவிட்டு வந்தபின் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே படுத்த நாட்கள் நிறைய. ஞாயிறும் அப்படித்தான், ஒருவருக்கு ஓவர்டைம், மற்றவருக்குத் தூக்கம்.

சத்தம் போடாத பொருளாகப் பார்த்து அம்மாவின் தம்பி எனக்கு ஒரு பழைய லேப்டாப் கொண்டுவந்தார். மாமாவுக்குப் பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை, விடுதியில் வாசம். அந்தக் கிழட்டு லேப்டாப் விண்டோஸைத் தாங்காது என்று லினக்ஸ் போட்டிருந்தார். எல்லாம் ஓடியது, டச்பேட் மட்டும் செத்துக் கிடந்தது. விரல் தேயத் தேய்த்தாலும் திரையில் அம்பு அசையவில்லை.

அதைச் சரிசெய்ய மாமா ஞாயிறுதோறும் வந்தார். அத்திப்பள்ளியில் பஸ் மாறும்போது காராபூந்தி வாங்கிக்கொள்வார். தரையில் சம்மணம் போட்டு, கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுப்பார்.

"டச்பேட்ட ஓட்டுற புரோகிராமுக்குப் பேரு டிரைவர். பஸ் டிரைவராட்டந்தான் கண்ணு. வண்டி நல்ல வண்டி. இவனுக்குத்தான் ரூட்டு தெரியல."

நாலாவது ஞாயிறு ரூட்டு தெரிந்துவிட்டது. மூன்று வரியில் ஒரு ஃபைல் எழுதிவைத்து, லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டார். அம்பு துள்ளி ஓடியது. "அவ்ளோதான், இனி நான் வர வேண்டியதில்ல" என்று சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காராபூந்தி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதலில் அந்த ஃபைலைத் தப்பாக எழுதி, ஒரு கட்டளை போட்டு அவர் அழித்ததை நான் பார்த்திருந்தேன். கடவுச்சொல்லும் தெரியும், என் பெயர்தான். அடுத்த சனிக்கிழமை, அம்மா தூங்கும் நேரம் பார்த்து, அந்தக் கட்டளையைத் தட்டினேன். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். அம்பு செத்தது. அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, "மாமா, மறுபடியும் போயிடுச்சு" என்றேன். குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் பெரும்பாடு பட்டேன்.

இப்படி எட்டுப் பத்து வாரம் ஓடியது. மாமா வருவார், கறுப்புத் திரையைத் திறப்பார், ஏதோ ஒரு விசையை அழுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "பிடிவாதம் புடிச்ச டிரைவரு" என்று சொல்லி அதே மூன்று வரியை எழுதுவார்.

ஒருமுறை அப்பா போர்வைக்குள்ளிருந்தே, "ஒரு மவுஸ் வாங்கிச் சொருகுனா முடிஞ்சுது. இதுக்கு வாராவாரம் பஸ் ஏறி வரணுமாப்பா?" என்றார். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"மவுஸெல்லாம் இதுக்கு ஒத்துக்காது மச்சான்" என்றார் மாமா. அப்பா நம்பினார். நானும் நம்பினேன்.

பொங்கல் முடிந்ததும் மாமாவைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி ஞாயிறும் அந்த மூன்று வரியை எழுதினார். "இனி போச்சுன்னா நீயே போட்டுக்கலாம் கண்ணு. மேல பாத்த அம்புக்குறி ஒண்ணு கீபோர்டுல இருக்குதில்ல, அத அழுத்திக்கிட்டே போ. முன்னாடி அடிச்சதெல்லாம் திரும்ப வரும்" என்று சொல்லிவிட்டு, என் தலையை ஒருமுறை தடவி, பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் கறுப்புத் திரையைத் திறந்து அழுத்திப் பார்த்தேன். அவர் எழுதியது வந்தது. இன்னொரு முறை அழுத்தினேன், நான் அழித்தது வந்தது. அவர் எழுதியது, நான் அழித்தது, அவர் எழுதியது, நான் அழித்தது என்று அத்தனை வாரமும் வரிசையாக வந்து நின்றது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். வாராவாரம் மாமா முதலில் அழுத்தியது இந்த விசையைத்தான்.

மாமா அம்மாவிடம் சொல்லியிருப்பாரோ என்று அன்று முழுக்கப் பயந்து கிடந்தேன். தெரிந்தேதான் அத்தனை வாரமும் பஸ் ஏறி வந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.