குஞ்சம்மாள் பிரைவேட்டா, கவர்மெண்ட்டா?

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு ஹால்ட் ஸ்டேசன். கூரையில் பாதி ஆஸ்பெஸ்டாஸ், மீதி ஆகாயம். அங்கே டிக்கெட் கொடுக்கும் குஞ்சம்மாள் எதையும் லேசில் நம்பமாட்டாள். ரயில் கூவினால்கூட, வருவது ரயில்தானா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். ஊரார் அவளை ‘ஸ்டேசன் மாஸ்டரம்மா’ என்பார்கள். அதை மட்டும் சந்தேகமே இல்லாமல் நம்பினாள்.

சேதியைக் கொண்டுவந்தவன் டீக்கடைக் கைலாசம்.

“ஏனக்கா, ரயில பிரைவேட்டுக்குக் குடுக்கறாங்களாமா. நல்லதுதான் போ. நம்மூரு பிரைவேட்டு பஸ்ஸாட்டம் பாட்டுப் போடுவான், கை காட்டுனா நிப்பான்.”

“கூட்டம் இருந்தா நிப்பான். தனப்பிரியா ஒருத்திக்கு நிப்பானா?”

தனப்பிரியா நாமக்கல்லில் காலேஜ் படிக்கிற பெண். ஒரு முழங்கால் மடங்காது. பஸ்ஸில் அவள் இரண்டாவது காலை வைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். இங்கே அப்படியில்லை. ரயில் நின்றதும் குஞ்சம்மாள் கடைசிப் பெட்டிக்குப் போய், பச்சைக் கொடி காட்டவேண்டிய கார்டிடம் அவருடைய சர்க்கரை வியாதியை விசாரிப்பாள். கார்டுக்கும் விசயம் தெரியும். அந்தப் பிள்ளை ஏறி உட்காரும்வரை அவரும் இழுத்து இழுத்துப் பதில் சொல்வார்.

கம்பெனிக்காரன் ரயிலில் இந்த விசாரிப்பெல்லாம் நடக்குமா? அந்த யோசனையிலேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் இரண்டு பேர் டேப்போடு வந்து நடைமேடையை அளந்தார்கள். குஞ்சம்மாள் டேப்பின் நுனியை மிதித்துக்கொண்டாள்.

“எந்தக் கம்பெனிங்க சாமி? வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாக்கறீங்களாக்கும்?”

“மேடைய உசத்தறதுக்குங்க அக்கா. நாங்க காண்ட்ராக்டு.”

“அப்ப பிரைவேட்டு! இது கவர்மெண்ட் எடம். நான் கவர்மெண்ட் ஆளு. கேக்கறதுக்கு எனக்கு ரைட்ஸ் இருக்குது.”

அவன் சிரித்தான். “ஹால்ட்டு ஏஜெண்ட்டுதானுங்களே நீங்க? கமிசனுக்கு டிக்கெட் குடுக்கறவங்க. நீங்களும் எங்களாட்டம் பிரைவேட்டுதானுங்க.”

டேப்பின் மேலிருந்த கால் தானாக விலகியது. அளக்கிறவர்களுக்கு டீ கொண்டுவந்த கைலாசம் அதைச் சிந்தினான்.

“அடியாத்தீ! ரயில வித்தது உனக்குத்தானாக்கா? சொல்லவேயில்ல!”

குஞ்சம்மாள் கவுண்டருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைலாசம் இரண்டு தடவை தட்டினான். ஒரு டீயை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்பில் ஒரு சத்தம்.

“நாமக்கல் நாமக்கல் நாமக்கல்! உக்காந்துட்டே போலாம், வா வா வா!”

கத்தியது குஞ்சம்மாள். பஸ் கண்டக்டர் எந்தக் குரலில், எந்த இழுப்பில் கூப்பிடுவானோ அதே குரல், அதே இழுப்பு. பஸ்ஸுக்கு நின்ற அங்கம்மாள் பயந்துபோய்க் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இதென்ன புள்ள கூத்து?”

“பிரைவேட்டுன்னா இப்பிடித்தான் அத்தை. ஆள் ஏத்தலைன்னா வண்டி நிக்காது. நட!”

கூடையைக் குஞ்சம்மாளே பிடுங்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தாள். வேறு வழியில்லாமல் அங்கம்மாள் பின்னால் ஓடினாள். சும்மா வேடிக்கை பார்த்த கைலாசத்துக்கும் ஒரு டிக்கெட் விழுந்தது.

“நாமக்கல்லுல எனக்கென்னக்கா சோலி?”

“காத்து வாங்கு.”

ரயில் வந்து நின்றது. குஞ்சம்மாள் கார்டிடம் ஓடி, சர்க்கரை எப்படி என்று ஆரம்பித்தாள். தனப்பிரியா முதலில் ஏறினாள், அடுத்து அங்கம்மாள். கைலாசம் ஏறினானா, அந்தப் பக்கமாய் இறங்கிக் கடைக்கு ஓடினானா? பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தாள். உள்ளேதான் உட்கார்ந்திருந்தான், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“சாயங்காலம் இதே வண்டியில வந்துரு. பஸ்ஸுல கிஸ்ஸுல வந்தீன்னு தெரிஞ்சுது…”

“வாரேன், வாரேன்.”

அவள் நம்பவில்லை. அந்தச் சாயங்காலம், ரயில் வரும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.