சுகுணா மேடத்துக்குச் சீக்கிரம் தரிசனம் கொடு, பெருமாளே

திருத்தணி மலைப்படியில் என்னோடு காவடி தூக்கிய அன்பர்களே, என் மனைவி அமுதாவின் கண் மஞ்சளாகிப்போன கதையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று போன ஆடியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல வாயெடுத்தால் நான் ஏதாவது வேடிக்கை பேசுவேன், நீங்கள் சிரிப்பீர்கள், விஷயம் பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். எழுத்திலும் என் வாய் சும்மா இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பெயர் செல்வம். காட்பாடிப் பக்கத்துக்காரன். சித்தூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரீஷியன். மகள் தேன்மொழி அங்கேயே படிக்கிறாள். சித்தூர் டவுனில் வாடகை வீடு.

ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமுதாவுக்கு வயிற்றில் வலி எடுத்தது. விடியும்போது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் கரைத்து ஊற்றியது போல இருந்தது. பக்கத்து டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "பித்தப்பைக் கல்லு நழுவி வந்து குழாயை அடைச்சிருக்கு. உள்ள சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. இங்க வேணாம், திருப்பதிக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. இப்பவே" என்றார்.

நான் லைனில் கரண்ட் இருக்கும்போதே கம்பம் ஏறுகிறவன். இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறவன். அந்த "இப்பவே" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. ஆம்புலன்ஸில் ஏறியபோது ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அமுதாவின் செருப்பு.

காணிப்பாக்கம் பிரிகிற இடம் வந்ததும் வண்டிக்குள்ளிருந்தே கும்பிட்டு, "பிள்ளையாரப்பா, உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்று கத்தினேன். அதோடு விடவில்லை. வேலும் மயிலும் துணை என்று ஆரம்பித்தவன், சந்திரகிரி தாண்டியும் நிறுத்தவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, நான் சைரன் போட்டுக்கினுதான் போறேன். நீங்க கொஞ்சம் நிறுத்துங்க. பின்னாடி வர்ற வண்டிங்கல்லாம் பயப்படுது."

தேன்மொழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அமுதா ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக நான் இப்படி ஆடினால் முதலில் கிழிப்பவள் அவள்தான். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவேயில்லை.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனை. உடனே படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். பெரிய டாக்டர் வந்து, வாய் வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை எடுக்க வேண்டும் என்றார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டால் நல்லது, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டால் எங்கள் கையில் இல்லை என்றார். அதற்கு ஒன்று முன்பணம் கட்ட வேண்டும், அல்லது இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து அனுமதி வர வேண்டும்.

முன்பணம் என்று அவர் சொன்ன தொகை எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் பார்க்காதது. எங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருப்பதால் ஆந்திர அரசுக் காப்பீட்டிலும் இடமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் குழுக் காப்பீடு எடுத்திருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நான் அதைப் பிடித்தம் என்று திட்டிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்குப் பிடி.

கவுண்டரில் ஊழியர் எண்ணையும் ஆதாரையும் கொடுத்தேன். உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். "முருகா, எனக்கு யாரும் இல்ல. நீதான் துணை. நீ இருக்கறது நெஜம்னா ஒரு வார்த்தை சொல்லு" என்று மனசுக்குள் அழுதேன்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "முருகன் துணை."

அன்பர்களே, உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். மறுபடியும், "முருகன் துணை! முருகன் துணை!" கண்ணீர் கொட்டியது. எதிரே இருந்த ஒரு பெரியவர், எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நர்சைத் தேடினார்.

"தேனு, கேட்டியா? முருகன் துணைன்னு அவனே சொல்லிட்டான்."

"நைனா, அது ஆஸ்பத்திரி மைக்கு."

"மைக்கில வந்தா இன்னா? எதுல வேணா வருவான் அவன்."

கடவுளே உத்தரவாதம் கொடுத்த பிறகு என்ன கவலை என்று கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். கல் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது, நான் டீயை ஊதி ஊதிக் குடிக்கிறேன்.

திரும்பி வந்து வெகுநேரம் ஆகியும் 'செல்வம்' என்று யாரும் கூப்பிடவில்லை. கவுண்டருக்குப் போனேன். அந்தப் பெண் கடுகடுத்தாள்.

"எத்தனை தடவை பிலவாலண்டி? முருகன் துணை, முருகன் துணைன்னு தொண்டை போச்சு. எவரூ ராலேது, யாரும் வரல. ஃபைலை ஓரமா வெச்சுட்டேன்."

"நான் செல்வங்க."

"இந்த நம்பர்ல இருக்கறது முருகன்துணை செல்வம். ஆதார்ல வேற இருக்கு. இந்தப் பாலசி மீதி காது சார்."

பாலசி என்னுடையது இல்லையாம். எவனோ ஒரு முருகன்துணை என் எண்ணில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். "எவன்மா அவன்? என் சம்பளத்துல பிடிச்சு அவன் பொண்டாட்டிக்கு வைத்தியமா?" என்று கவுண்டரைத் தட்டினேன். தேன்மொழி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, கத்தாத. நம்ம வூட்டு வாசலுக்கு மேல இன்னா எழுதிகீது?"

அப்போதுதான் உறைத்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று அலுவலகத்தில் சுகுணா மேடம் என்னிடம், "மீ இன்டி பேரு?" என்று கேட்டார். தெலுங்கில் 'இல்லு' என்றால் வீடு, 'இன்டி' என்றால் வீட்டின் என்பது வரை எனக்குத் தெரியும். வீட்டுப் பேரைக் கேட்கிறார், விலாசத்துக்காக இருக்கும் என்று நினைத்து, வீட்டுக்காரர் சிமென்ட்டில் பொறித்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன்: முருகன் துணை. "மன்ச்சி பேரு" என்று பாராட்டி எழுதிக்கொண்டார். ஆந்திராவில் இன்டி பேரு என்றால் குடும்பப் பெயர், அதைப் பெயருக்கு முன்னால் போடுவார்கள் என்று யார் கண்டது? அடையாள அட்டையில் எம். செல்வம் என்று வந்தது. என் அப்பா பெயர் முனுசாமி. எம் சரியாகத்தானே இருக்கிறது என்று நானும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். காப்பீட்டுப் பட்டியலில் மட்டும் அந்த எம் முழுசாக விரிந்து நின்றிருக்கிறது. அதுவும் வாடகை வீட்டின் பெயர்!

இரண்டும் ஒரே ஆள்தான் என்று பல்கலைக்கழகத்திலிருந்து, பட்டியல் அனுப்பியவரே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். பட்டியல் அனுப்பியவர் சுகுணா மேடம். அன்று இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் லீவு. அவருடைய செல்போன் அணைத்திருந்தது. கேட் வாட்ச்மேனைப் பிடித்தேன்.

"மேடமா? மேடம் கொண்டக்கு போயினாரு செல்வம். ராத்திரியே மலை ஏறிட்டாங்க. தரிசன லைன்ல இருப்பாங்க. போனை லாக்கர்ல குடுத்துட்டுத்தானே உள்ள போகணும்?"

வராந்தாவுக்கு ஓடினேன். எதிரே ஏழுமலையும் வரிசையாக நிற்கிறது. அந்த மலைமேல் எங்கேயோ, எத்தனை ஆயிரம் பேருக்கு நடுவிலோ, என் அமுதாவின் உயிரைக் காப்பாற்றும் கையெழுத்து வரிசையை அடைத்து வைக்கும் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டம். எப்போது திறந்து விடுவார்கள் என்று அந்தப் பெருமாளுக்கே தெரியாது.

புத்தி கெட்டால் என்னவெல்லாம் தோன்றுகிறது பாருங்கள். "தேனு, உனக்கும் ஸ்டூடண்ட் இன்ஷூரன்ஸ் இருக்குதே. அதுல அம்மாவ சேக்க முடியாதா?"

"அது எனக்கு மட்டும்தான் நைனா. அதுவும் எங்கனா வுழுந்து அடிபட்டாதான்."

அப்படியானால் நீ கொஞ்சம் விழேன் என்று சொல்லாததுதான் பாக்கி.

அமுதாவைப் பார்க்க உள்ளே விட்டார்கள். உதடு வெடித்திருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு மெதுவாக, "காலையிலர்ந்து எதுனா துன்னியாய்யா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. செருப்பைப் பார்த்தாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இவள் போகப்போகிறாள் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன். நான் பேச வாயைத் திறந்தேன். ஒரு வேடிக்கையும் வரவில்லை.

மறுபடியும் வராந்தா. மலையைப் பார்த்து நின்றேன். முருகனைக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் பேரைத்தான் நான் கொண்டுபோய்க் காப்பீட்டில் சிக்க வைத்துவிட்டேனே. ஆனால் அவனுக்கு மாமன் ஊர் இது. அந்த உரிமையில் பெருமாளிடம் பேசினேன். சத்தம் போடவில்லை. ஆம்புலன்ஸில் கத்திய ஆள் இவன்தானா என்று கேட்பீர்கள்.

"பெருமாளே, நான் உன்கிட்ட எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. லைன்ல சுகுணா மேடம்னு ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்குச் சீக்கிரம் தரிசனம் கொடு. அவங்க இன்னா கேக்க வந்தாங்களோ, அதக் குடுத்து அனுப்பு. அவங்க பாதம் நோவாம வெளிய வரட்டும்."

பொழுதெல்லாம் இதையே சொன்னேன். வாழ்க்கையில் அடுத்தவருக்கு என்று நான் இவ்வளவு உருகி வேண்டியது கிடையாது. சொல்லச் சொல்ல, அமுதா, கல், காப்பீடு எல்லாம் கொஞ்ச நேரம் பின்னால் போய், கால் கடுக்க நிற்கும் அந்த அம்மாள் மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றார். நடுவில் நடுவில் போனைப் போட்டுப் பார்த்தேன். அணைத்தேதான் இருந்தது.

வெயில் இறங்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

"இன்னா செல்வம், இத்தினி மிஸ்டு கால்? கரண்ட் போச்சா?"

தேன்மொழி போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அய்யோ பாப்பா! அம்மா எப்டி இருக்காங்க? நான் சாயங்காலத்துக்கு மேலதான் ஆவும்னு நெனச்சேன்மா. திடீர்னு எங்க கூண்டைத் தொறந்து உட்டாங்க, நேரா போய்க்கினே இருந்தேன், எங்கயும் நிக்கவே இல்ல. இரு, கீழ எறங்கி வந்துக்கினே இருக்கேன்."

ஆஸ்பத்திரி வாசலில் நான் அவருக்காகக் காத்திருந்தேன். மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசிய ஒரு அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார். வழி விட்டு ஒதுங்கினேன்.

"யோவ், நான்தான்யா" என்றார் சுகுணா மேடம்.

கவுண்டரிலேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். போனிலிருந்து மெயிலும் அனுப்பினார். காப்பீட்டு நிறுவனத்தில் ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்டபோது மட்டும் மேடம் குரலை உயர்த்தினார். "அதி ஆயன இன்டி பேரு காதண்டி! இன்டி மீத ராசின பேரு!" அது அவருடைய குடும்பப் பெயர் இல்லையப்பா, வீட்டின் மேல் எழுதிய பெயர் என்று அவர் விளக்க, அந்தப் பக்கம் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. அனுமதி வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அமுதாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சில் மேடமும் எங்களோடு உட்கார்ந்தார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "உங்களுக்குச் சீக்கிரம் தரிசனம் கிடைக்கணும்னு வேண்டிக்கினே இருந்தேன் மேடம். நீங்க கேட்டதயும் குடுன்னு சொன்னேன். இன்னா கேட்டீங்க?"

மேடம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "கேக்கவே இல்லப்பா."

"இன்னாது?"

"முன்னாடி போய் நின்னதும் ஒண்ணும் ஞாபகம் வரல. அவரையே பாத்துக்கினு இருந்துட்டேன். 'ஜருகண்டி, ஜருகண்டி'ன்னு கையைப் புடிச்சு இழுத்து வெளிய உட்டுட்டாங்க." சந்தனம் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டார். "எம் பையன் வூட்ட உட்டுக் கோச்சுக்கினு போனவன்பா. எங்க இருக்கான்னு தெரியாது. ஒரு போன் பண்ணாப் போதும்னு கேக்கத்தான் முடியே குடுத்தேன். போய் நின்னா, மறந்தே பூட்டேன்."

தேன்மொழி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கதவு திறந்து டாக்டர் வந்தார். கல் வந்துவிட்டது, அடைப்பு போய்விட்டது, இனி பயமில்லை என்றார். நான் அழுதேன். மேடமும் அழுதார். எதற்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

அமுதா இப்போது நன்றாக இருக்கிறாள். என் பெயரைப் பட்டியலில் திருத்தியாகிவிட்டது. நீங்களும் வேலை செய்கிற இடத்தில், பிள்ளைகள் படிக்கிற இடத்தில், காப்பீட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, எதற்கெல்லாம் பணம் தருவார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாமி கட்டாயம் வருவான். அவனை ஏன் கவுண்டர் கவுண்டராக அலைய விட வேண்டும்?

வேண்டினால் கேட்பானா என்று யாராவது என்னைக் கேட்டால், மலையில் அன்று திறந்த அந்தக் கதவைச் சொல்வேன். தற்செயல் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வராந்தாவில் நின்றவன் நான். நம்புங்கள், கேளுங்கள். உங்களுக்கென்று கேட்க வாய் வராவிட்டால் அடுத்தவருக்காகவாவது கேளுங்கள்.

மேடத்துக்கு முடி இப்போது காது மறைய வளர்ந்துவிட்டது. பையனிடமிருந்து போன் இன்னும் வரவில்லை. நானும் அமுதாவும் தினமும் விளக்கேற்றி, அவர் கேட்க மறந்ததை அவருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் மலைப்படி ஏறும்போது, உங்கள் குறையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஒரு படியில் நின்று அந்தப் பையனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெயர் கிரண். எங்கே இருக்கிறான் என்று முருகனுக்குத் தெரியும்.