பெட்டிக்குள் தைல வாசனை

மருமகனுக்கு வந்த பெட்டியை அவருக்குத் தெரியாமல் திறந்து பார்த்தவன் நான். பார்த்துவிட்டு மறுபடியும் ஒட்டி வைத்தேன். பழி இன்னொருவர்மேல் விழுந்தது. அந்தப் பெண்மணி வீட்டுக்கே வந்து, என் முகத்தைப் பார்த்து, "நீங்க திறந்தீங்களா அங்கிள்?" என்று கேட்டார். "இல்லைம்மா, நான் ஏன் திறக்கப்போறேன்" என்றேன். எழுபது தாண்டிய ஒருவன், படித்தவன், ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்காகச் சொன்ன பொய் அது. நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசப்பு ஊறுகிறது.

மனைவி காலமான பிறகு பொங்கோல் வட்டாரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். வார இறுதியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் காணொளி போடுவார். இங்கேயும் மலேசியாவிலும் நிறையப் பேர் பார்க்கிறார்கள். நெடுநாள் ஆசைப்பட்டுப் பெரிய விலையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார். ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு கடைத்தொகுதியின் மாடியில் தமிழ் முஸ்லிம் பெண்மணி ஒருவர் கடை நடத்துகிறார். கேட்கிற பாகங்களை வரவழைத்துத் தம் கையாலேயே கம்ப்யூட்டராகப் பூட்டிக் கொடுப்பார். அவரிடம்தான் சொல்லியிருந்தார்.

பெட்டி வருகிற அன்று மருமகன் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார். "மாமா, வாங்கி ஹால்ல வைங்க. தொடாதீங்க, ஓகேவா? நாளைக்கு லைவ்ல, காமிரா முன்னாடிதான் பிரிக்கணும். சீல் உடையாம இருக்கணும். அதுதான் மேட்டரே."

தொடாதீங்க என்றது எனக்கு உறைத்தது. வேலை செய்த காலம் முழுவதும் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். காப்புறுதி நிறுவனங்களுக்காகத் துறைமுகக் கிடங்குகளில் சரக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். தண்ணீர் புகுந்த பீங்கான், நசுங்கிய மருந்து, எலி கடித்த துணி என்று எத்தனையோ பெட்டிகள். பெட்டியைத் திறந்த சுவடு தெரியாமல் மூடுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்டு வெகுநாளாகிவிட்டது.

அன்று மழை. காலையிலிருந்தே முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு மகளுடைய ஹேர் டிரையரை எடுத்து வந்தேன். சூடு காட்டினால் டேப்பின் பசை இளகும், அட்டை கிழியாது. கிடங்கில் கற்ற வித்தை. பெட்டி வாயைத் திறந்துகொண்டது.

உள்ளே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பைப் போல ஒரு நெடி. பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, வெள்ளை நுரைத் துண்டுகள். ஒரு திருகாணிக்குக்கூடத் தனிப் பிளாஸ்டிக் உறை. நடுவில் கறுப்பாக ஓர் இரும்புக் கூடு. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி வழியாக விசிறிகளும் குழாய்களும் செங்கல் பருமனில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் தெரிந்தன. வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதையெல்லாம் பார்வைக்கு வைத்த மாதிரி. இதற்கா இந்த மனிதர் இத்தனை மாதம் ஏங்கினார் என்று ஏளனமாக இருந்தது. கண்ணாடிமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளின் ஓரத்தை உரித்தேன். கண்ணாடி எவ்வளவு தடிமன் என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். தாளைத் திரும்ப நீவிவிட்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி ஒட்டினேன். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் நேரலை. மருமகன் சின்னக் கத்தியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்து டேப்பை அறுத்தார். "கைஸ், இந்தச் சத்தத்தைக் கேளுங்க. யார் கையும் படாத பெட்டி!" நுரைத் துண்டை மூக்கருகே கொண்டுபோய், "புது பிசி வாசம், கைஸ்! இதை பாட்டில்ல போட்டு வித்தா வாங்குவேன் லா" என்றார். மகள் கைபேசியைப் பிடித்தபடி சிரித்தாள். நான் சோபாவில், காமிராவில் விழாத மூலையில் இருந்தேன்.

தாளை உரித்து, கம்பியைச் செருகி, பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுழன்றன. உள்ளே விளக்குகள் எரிந்தன. சிவப்பு, பச்சை, ஊதா. அந்த வெளிச்சத்தில் கண்ணாடியின் மூலையில் ஒரு கட்டைவிரலின் பதிவு தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒவ்வொரு ரேகையும் எழும்பி, விளக்கு மாறும்போதெல்லாம் நிறம் மாறிக்கொண்டு நின்றது.

"அலாமக்!" மருமகனின் குரல் மாறியது. "யார் கை இது? ஒட்டியிருந்த தாளுக்கு அடியில இருக்கு, கைஸ். யாரோ வாங்கி யூஸ் பண்ணிட்டுத் திருப்பிக் கொடுத்த செட். எனக்குப் புதுசுன்னு தள்ளிவிட்டுட்டாங்க."

நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன். அப்போதே சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, சொன்ன பேச்சைக் கேட்காத கிழவனாக நிற்க எனக்கு வெட்கம். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அன்று மாலைக்குள் கடையின் இணையப் பக்கத்தில் வசைகள் குவிந்தன. மகள் வாசித்துக் காட்டினாள். 'பிரியாணி தின்ன கையோட பிசி பூட்டுறாங்க.' 'பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தொழில்?' 'ஏமாத்துக்காரி.' எழுதியவர்களுக்கு முகம் இல்லை. முகத்துக்குப் பதிலாகக் கார்ட்டூன் படங்கள் இருந்தன. அருவருப்பாக இருந்தது. ஆனால் என் விரலைவிட அவர்கள் அசிங்கம் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

திங்களன்று அந்தப் பெண்மணி கம்ப்யூட்டருக்கு மாற்றப் புதுக் கண்ணாடியோடு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, தணிந்த குரல். "நான் கையுறை போடாம எதையும் தொடுறதில்ல, தம்பி. பெட்டி கடையில மூடினது மூடினபடிதான் வந்துச்சு" என்றார். மருமகன், "அப்ப ரேகை வானத்துல இருந்தா வந்துச்சு, அக்கா?" என்றார். அந்தப் பெண்மணி காலிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். நுரைத் துண்டு ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். அவர் நுரைத் துண்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மருமகன் அதையும் காணொளியாகப் போட்டார். 'கடை தப்பை ஒத்துக்கிச்சு' என்று தலைப்பு. அந்தப் பெண்மணி ஒத்துக்கொள்ளவே இல்லை.

சில வாரம் கழித்துச் சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கப் போனவன், ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்கு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றான்.

"மாடியில ஒரு அக்கா கடை இருக்குல்ல?"

"டேய், அங்க போகாத லா. பழசைப் புதுசுன்னு விக்கிற கேஸு. கை ரேகையோட கொடுப்பா. ஃப்ரீ கிஃப்ட்!"

இருவரும் சிரித்தார்கள். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அந்தக் கடைத்தொகுதி வரை நடந்தேன். நகரும் படியில் ஏறாமல் கீழேயே நின்றுவிட்டு, ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். அந்தக் கோழைத்தனமும் கணக்கில் சேரட்டும்.

அன்று சாப்பாட்டு மேசையில் மகளிடமும் மருமகனிடமும் சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா... ஹேர் டிரையரா?" என்று மட்டும் கேட்டாள். மருமகன் முகம் சிவந்தது. "என் பேர் என்ன ஆகும், மாமா? நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே!" அவருக்கு அவர் பேர்; எனக்கு என் வெட்கம். அந்தப் பெண்ணின் பேரைப் பற்றி முதலில் பேசியது மகள்தான். "அவங்க கடையை யார் பார்ப்பாங்க? ரெண்டு பேரும் காமிரா முன்னாடி உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தோம். நான் நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மருமகனும் கேட்டார், உண்மையாகத்தான். பழைய காணொளிகளை நீக்கிவிட்டார். ஆனால் பழக்கம் விடுமா? என் கட்டைவிரலைப் பெரிதாக்கி, அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இசையைச் சேர்த்தார். முதல் காணொளியைவிட இதை அதிகம் பேர் பார்த்தார்கள். 'செம கியூட் தாத்தா.' 'அங்கிள் ராக்ஸ்.' இதயக் குறிகள் வரிசையாக விழுந்தன. தேக்கா சந்தையில் ஒருவர் என் கட்டைவிரலோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார். நான் செய்த ஈனத்தை எல்லாரும் மிட்டாய் போலச் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் கடைக்குப் போனேன். அவர் வேலை மேசையில் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தார். கையில் கையுறை.

"பார்த்தேன், அங்கிள். நிறைய ஹார்ட் வந்திருக்கு உங்களுக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் திருகாணியை முடுக்கியபடியே சொன்னார்: "அன்னிக்கே எனக்குத் தெரியும். பெட்டி முழுக்கத் தைல வாசம். உங்க பக்கத்துல வந்தா அதே வாசம். உங்க வீட்டாளுங்களுக்குப் பழகிப்போச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"வாசனையை வீடியோவுல காட்ட முடியுமா? நீங்களே சொல்வீங்கன்னு நினைச்சுத்தான் கேட்டேன். பெரியவங்க இல்லையா."

 நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். முதல்முறையாக அவர் நிமிர்ந்தார். "உங்களைப் பார்த்துச் சிரிச்சவங்க வேற ஆளுங்க. என்னைத் திட்டினவங்க என் பேஜ்ல அப்படியே இருக்காங்க. ஒவ்வொருத்தர் எழுதினதுக்கும் கீழ போய், நான்தான் செஞ்சேன், இவங்க இல்லன்னு எழுதுங்க. தமிழ்ல திட்டினவங்களுக்குத் தமிழ்ல. இங்கிலீஷ்ல திட்டினவங்களுக்கு இங்கிலீஷ்ல. ஒரே வரியை ஒட்டிக்கிட்டே போகாதீங்க."

அதே கம்ப்யூட்டரில்தான் எழுதினேன். மருமகன் வேலைக்குப் போன பகல்களில், விசைப்பலகை அடியில் ஒளிர, அந்த விளக்குகள் என் கைகள்மேல் நிறம் மாற மாற. வசைகளையெல்லாம் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். 'ஏமாத்துக்காரி' என்றவருக்கு, ஏமாற்றியவன் நான் என்று எழுதினேன். பெண்ணுக்கு எதற்குத் தொழில் என்றவருக்கு எழுதிய பதிலை மூன்று தரம் அழித்தேன். கோபப்பட எனக்கு என்ன தகுதி? சிலர் தங்கள் வரிகளை நீக்கினார்கள். இரண்டொருவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர், 'அங்கிள், அது பழைய கதை, யார் கேர் பண்றாங்க, போய்த் தூங்குங்க' என்று எழுதினார். பெரும்பாலானவர்கள் பதிலே தரவில்லை. வைத்துவிட்டுப் போன வசை அப்படியே இருக்கிறது, கீழே என் வரியோடு.

வாடிக்கையாளர்கள் ஓரளவு திரும்பி வந்திருக்கிறார்களாம். மகள் விசாரித்துச் சொன்னாள். ஆனால் ஒரு புதுப் பழக்கம் அந்தக் கடையில் வந்துவிட்டது. அனுப்புகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பெட்டிக்குள் வைத்து மூடுவதை அவர் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்புகிறார். தம் பக்கத்திலும் போடுகிறார். கடை சாத்துகிற நேரத்துக்கு மேல் இருந்து செய்கிற வேலை அது. பார்க்கிறவர்கள், நல்ல சேவை என்று பாராட்டி எழுதுகிறார்கள்.

நான் அவற்றை விடாமல் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். அவர் முகம் தெரியாது. மேசைமேல் கம்ப்யூட்டர் இருக்கும். அதன் முன்னால், கையுறை போட்ட இரு கைகளையும் உயர்த்தி, முன்புறமும் பின்புறமும் திருப்பிக் காமிராவுக்குக் காட்டுவார். காட்டிய பிறகுதான் பெட்டியைத் தொடுவார்.