அக்கா காயவைத்த சோற்று வடகம்

எங்கள் அக்கா மலாயாவில் ஈப்போவுக்கு வடக்கே, இப்போது வீட்டு மனைகளாகிவிட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். ஜப்பானியர் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனபின், சிறு வயதிலேயே பால்மரம் வெட்டப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் பின்னர் நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். அந்தப் படிப்பை வைத்து நான் செய்ததையே இங்கு எழுதுகிறேன்.

கம்யூனிஸ்டுகள் முதலில் ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போனவர்கள். போருக்குப் பின் வெள்ளையரை எதிர்த்து மறுபடியும் போனார்கள். காட்டில் இருந்துகொண்டு, தோட்டத்து மக்கள் தரும் அரிசியை நம்பியே போரிட்டார்கள். அதனால் அரசாங்கம் நாங்கள் குடியிருந்த லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டது. பிறகு வீட்டில் அரிசி வைக்கவே தடை விதித்து, பொது அடுப்பில் சமைத்த சோற்றைக் கொடுத்தது. சோறு மறுநாளே கெட்டுவிடும், காடு போய்ச் சேராது என்று நினைத்தார்கள்.

நான் அப்போது தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. அந்தத் திட்டத்தைப் பெருமையாகப் பேசிய வெள்ளைக்கார அதிகாரியிடம், எங்கள் பெண்கள் மிஞ்சிய சோற்றை வடகமாகக் காயவைப்பார்கள், மாதக்கணக்கில் கெடாது என்று சொன்னேன். கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மறுநாள் சோதனைக்கு வந்தார்கள். அக்கா வீட்டுத் தகரக் கூரையில் இரண்டு முறம் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

மூன்று வயது மகளைப் பிரிந்து, அக்கா இரண்டு ஆண்டுகள் தடுப்பு முகாமில் இருந்தார். வெளியே வந்தபின் தோட்டம் வேலை தரவில்லை. ஈப்போவில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி மகளை வளர்த்தார்.

அந்த வடகம் பிள்ளைக்கா, காட்டுக்கா? எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தால் என் குற்றம் குறையும் என்பதும் விளங்கவில்லை.

கடைசி நாட்களில் படுக்கையருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீயாடா?" என்றார். "நா கங்காணி பொண்டாட்டின்னுல்ல நெனச்சேன். காயப் போட்டத அவதான பாத்தா. அவ சாவுற வரைக்கும் நா அவகிட்ட பேசலியேடா."

"காட்டுக்குக் குடுத்தியாக்கா?"

"பெரிய மாத்தா மாத்தா போலீசு இவரு, இப்ப விசாரிக்க வந்துட்டாரு. இந்த ஈப்போ வீட்டு வாசல்ல அவ எத்தன தடவ வந்து நின்னா தெரியுமா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. பத்து நாளில் காலமானார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அக்காவின் மகளுக்கும், சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கங்காணியம்மாவின் மகனும் ஒருவர். தம்பி, உங்களுக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. உங்கள் தாயார் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் நான். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.