பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதலிடம்

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. கல்கிசையிலிருந்து அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். வெள்ளவத்தைப் பாலத்தைத் தாண்டும்போது அப்பா அழைத்தார்.

"நவம் போயிட்டான், பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவனாம். கோப்பையை எடுக்க வந்த வீட்டுக்காரம்மா கூப்பிட்டுப் பாத்திருக்கிறா. பேச்சில்லை."

எனக்கு அழுகை வரவில்லை. அலுவலகத்துக்கு லீவு சொல்ல வேண்டும் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. சொல்லிவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கோட்டை வரை போய், அங்கிருந்து ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

நவம் என்று வீட்டில் அழைக்கப்பட்ட நவரத்தினம், அப்பாவின் கடைசித் தம்பி, என் சித்தப்பா. ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். உள்ளே வரும் லொறியின் இலக்கத்தையும் வெளியே போகும் லொறியின் இலக்கத்தையும் எழுதுவதே அவருடைய வேலை. திருமணம் செய்யவில்லை. அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தாலும் கேட்டதற்கு மட்டுமே பதில் வரும். அவரைத் தெரிந்தவர்கள் இதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த காலத்தில் சித்தப்பா வெள்ளவத்தையில் எங்களுடன் தங்கியிருந்தார். நாலாம் மாடி வீடு, இரண்டு அறை. அவருக்கு விறாந்தைப் பக்கம் ஒரு கட்டில். நான் அப்போது ஆறாம் தரம். அழகியல் பாடத்துக்குச் சித்திரம் எடுத்திருந்தேன். கெட்டித்தனத்தால் அல்ல. சித்திர வகுப்பில் மட்டும் பக்கத்தில் இருப்பவளோடு கதைக்கலாம் என்பதால் எடுத்தேன்.

அந்த ஆண்டு பாடசாலைகளுக்கிடையிலான சித்திரப் போட்டிக்கு "எங்கள் வீட்டுப் பொங்கல்" என்று தலைப்பு வந்தது. வீட்டிலிருந்து வரைந்து கொண்டுவரலாம். நான் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓலைக் குடிசை, மாடு, கரும்பு எல்லாம் வரைந்தேன். என் வகுப்பில் எல்லாரும் அதையேதான் வரைந்தார்கள். எங்களில் ஒருத்தியின் வீட்டிலும் மாடு கிடையாது. என் மாட்டைப் பார்த்த அம்மா, அது நாயோ என்று கேட்டார். பிறகு சித்தப்பாவிடம் தாளை நீட்டினார்.

"தம்பி, இதில கொஞ்சம் கை வைச்சு விடுங்கோ."

அந்தக் காலத்தில் இது தப்பென்று யாரும் நினைக்கவில்லை. போட்டிக்குப் போகும் படங்களில் தாய், தகப்பன், ரியூஷன் மாஸ்டர் என்று யாராவது ஒருவர் கை வைத்திருப்பார்கள். கை வைக்காத படம் கவனிப்பாரற்ற பிள்ளையின் படம் என்றே கருதப்பட்டது.

சித்தப்பா என் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். புதுத் தாள் ஒன்று எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, பொழுதுபடும் வரை எழும்பவில்லை. அவர் வரைந்தது எங்கள் வீட்டுப் பொங்கலேதான். தொடர்மாடியின் கார் தரிப்பிடம். மூன்று செங்கல், பானை, அதைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வெள்ளை வான் வண்டி. பொங்கி வழிவதற்குள் நாங்கள் எல்லாரும் வந்துசேர வேண்டுமென்று லிஃப்ட் கதவைக் கையால் பிடித்தபடி நிற்கும் அம்மா. புகை தங்கள் வீட்டுக்குள் வருகிறதென்று மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் சிங்கள அன்ரி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரல் அகலத்துக்குச் சூரியன். நிலத்துக்குச் சாம்பல் நிறம் பூசியது மட்டும் நான். பின்பக்கத்தில் என் பெயரை எழுதி, பாடசாலை அதிபரின் கையொப்பமும் வாங்கி அனுப்பினோம்.

வலயமட்டத்தில் அந்தப் படம் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதலிடம் பெற்றது. சித்தப்பாவுக்கு அப்போது வயது முப்பத்தாறு.

காலைக் கூட்டத்தில் என் பெயரை வாசித்தார்கள். பாடசாலை முழுவதும் கை தட்டியது. சான்றிதழும் ஒரு நிறப்பெட்டியும் கிடைத்தன. படத்தைச் சட்டம் போட்டு அதிபரின் அறைக்கு வெளியே மாட்டினார்கள். அம்மா சொந்தக்காரர் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தார். சித்தப்பா அன்று சாப்பிட்டுவிட்டு நேரத்துக்கே படுத்துவிட்டார். வேலைக் களைப்பென்று நினைத்தோம்.

இரண்டு கிழமை கழித்துத்தான் அடுத்த கடிதம் வந்தது. மாகாணமட்டப் போட்டிக்கு மண்டபத்தில் இருந்து, அங்கேயே தரும் தலைப்பில் வரைய வேண்டும். அதை வாசித்ததும் நான் போகவில்லை என்றேன். அம்மா விடவில்லை. பரீட்சைக்குக் கட்டுரையைப் பாடமாக்குவதில்லையா, படத்தையும் பாடமாக்கிவிடலாம் என்றார். அப்படியே செய்தோம். தினமும் பின்னேரம் சித்தப்பா முன்னால் இருப்பார், நான் அந்தப் பொங்கலையே திரும்பத் திரும்ப வரைவேன். முதலில் வான், பிறகு லிஃப்ட், பிறகு அம்மா. வரிசை தவறினால் எனக்கு எல்லாம் மறந்துபோகும். வேறு தலைப்புத் தந்தால் என்ன செய்வதென்று கேட்டேன்.

"எந்தத் தலைப்பெண்டாலும் ஒரு பொங்கலுக்குள்ள கொண்டுவரலாம்," என்றார் அம்மா.

சித்தப்பா நான் வரைந்த லிஃப்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய படம் என் கையில் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது.

போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமை கணித பாடத்தின் நடுவில் என்னை அதிபர் அழைப்பதாகச் சொன்னார்கள். போனேன். அதிபரின் மேசைக்கு முன்னால் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அரை நாள் லீவு எடுத்து வந்திருந்தார். சித்திர ரீச்சர் சுவரோரம் நின்றார்.

"மேடம், அந்தப் படம் நான் கீறினது," என்றார் சித்தப்பா. "பிள்ளை நிலத்துக்கு மட்டும் கலர் அடிச்சவ."

அதிபர் என்னைப் பார்த்தார். "உண்மையோ?"

"ஓம், மிஸ்."

"பேரை மாத்தேலுமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்," என்றார் சித்தப்பா.

என் பெயரை அழிக்கச் சொல்கிறார் என்றே நான் விளங்கிக்கொண்டேன். அதிபரும் அப்படித்தான். அவர் எழுந்து நின்று, இப்படி நேர்மையான ஒருவரைத் தாம் கண்டதில்லை என்றார். எனக்குச் சுகவீனம் என்று மாகாணத்துக்கு அறிவித்தார்கள். படம் சுவரிலிருந்து இறங்கியது. சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பேசாமல் வெளியே போனார்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பில் யாராவது நன்றாக வரைந்தால், "உன்ர சித்தப்பாவோ கீறினவர்?" என்று கேட்டார்கள். நான் சித்திரத்தை விட்டுச் சங்கீதத்துக்கு மாறினேன். அம்மா சித்தப்பாவுக்குச் சோறு போட்டார், கதைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனார். நானும் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் அப்பா மட்டும், நான் எந்தச் சின்னப் பொய் சொன்னாலும், "நவத்தைப் பார்" என்பார். ஒரு பிள்ளையின் மேல் ஒரு நேர்மையாளரை இப்படித் தூக்கி வைக்கக் கூடாது. எனக்கு அவரை அறவே பிடிக்காமல் போனது.

மூன்று வருடம் கழித்துப் பாடசாலைக் கலைவிழாவில் நான் குழுப்பாடலில் இரண்டாவது வரிசையில் நின்று பாடினேன். எனக்குக் குரல் பரவாயில்லை, சுருதிதான் சில நேரம் சொல்வழி கேட்காது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வர முடியவில்லை. சித்தப்பா வந்திருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. முடிந்ததும் வாசலில் நின்று என்னை மறித்தார்.

"நாலாவது வரியில சுருதி இறங்கினது நீதானே, பிள்ளை?"

"ஓம்."

"பரவாயில்லை. பிழையெண்டாலும் அது உன்ர சொந்தப் பிழை."

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நடந்தேன்.

பிறகு பல வருடங்கள் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் மட்டுமே கண்டுகொண்டோம். போன வருடம் எங்கள் பக்கத்துக் கலியாண வீடொன்றில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, களுபோவில ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எங்கள் வீடு கிட்ட என்பதால் சாப்பாடு கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. கதைக்க வேறொன்றும் இல்லாததால் கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா, அண்டைக்கு ஏன் ஸ்கூலுக்கு வந்தனீங்கள்? நான் தோத்துப்போட்டு வந்திருப்பன்தானே. அதோட முடிஞ்சிருக்கும்."

இடியப்பத்தைப் பிய்த்து வைத்தவர், சாப்பிடாமல் இருந்தார்.

"எல்லாரும் நினைக்கிற மாதிரி நேர்மை கீர்மை ஒண்டுமில்லை, பிள்ளை. உன்ர பேர் வாசிச்ச அண்டைக்கு நீ சாப்பாட்டை விட்டிட்டுப் போனனீ. குடுக்க வந்தனான். கேற்றடியில நிக்கேக்க வாசிச்சவை. அத்தனை பிள்ளையளும் கை தட்டினவை. எனக்கு அப்பிடி ஒருத்தரும் ஒரு நாளும் தட்டேல்லை. பொறுக்கேல்லை."

"என்னிலயோ?"

"உன்னிலதான். பதினொரு வயசுப் பிள்ளையில எனக்குப் பொறாமை. என்ர பேரை அதில எழுத ஏலுமோ எண்டு கேக்க வந்தனான். அவ எழும்பி நிண்டு நேர்மை எண்டவுடன, வாய் வரேல்லை."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் என் தலையில் இருந்த அந்த உத்தமர் இறங்கிப் போனார். கட்டிலில், தன் படத்துக்குத் தன் பெயர் வேண்டுமென்று ஆசைப்பட்ட ஒரு மனிதர் இருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிறையவே பிடித்தது.

"பிறகு ஏன் கீறேல்லை?" என்று கேட்டேன்.

"ஆர் கேட்டவை?" என்றார்.

அடுத்த கிழமை என் பழைய பாடசாலைக்குப் போய் அந்தப் படத்தைப் பற்றி விசாரித்தேன். அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பழைய சாமான்கள் என்னவாயின என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அந்த வான் கொஞ்சம் பெரிசாப் போச்சுது," என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையில் அவருடைய அறையில் இருந்து அப்பா மரண அறிவித்தல் எழுதினார். மனைவி இல்லை, மக்கள் இல்லை, மருமக்கள் இல்லை. எங்கள் பக்கத்து அறிவித்தல்களில் தாளை நிரப்புபவர்கள் அவர்கள்தான். பெயர், பிறந்த ஊர், "ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்," இன்னாரின் சகோதரர். பாதித் தாள் வெறுமையாக இருந்தது. நான் பேனையை வாங்கி, எழுதுவினைஞருக்கு முன்னால் "ஓவியர்" என்று சேர்த்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அவன் எப்ப ஓவியன்?"

"ஒரு படம் கீறினவர், அப்பா. முதலாம் பரிசு."

"அது பிள்ளையளின்ர போட்டி. அதுவும் உன்ர பேரில."

"அதாலதான் எழுதுறன்."

அப்பா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்துக்கு அனுப்பினார்.

பின்னேரம் அறிவித்தல் ஒட்டியாயிற்று. அறை இருந்த ஒழுங்கையின் முகப்பில், வீட்டுக்காரம்மா பசை காயாத அந்தத் தாளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கடைக்காரரும் வந்து வாசித்தார்.

"ஐயா படம் வரையிறவரா?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். "இருபத்தஞ்சு வருசமா இங்கதானே இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லலியே."

"ஓம் அம்மா," என்றேன். "நல்லா வரைவார்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சித்தப்பா, உங்கள் பெயரைப் போட்டாயிற்று. போய் வாருங்கள்.