சுவீடன் கரை தெரியும் பள்ளிக்கூடம்

2009 மே மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், டென்மார்க்கில் நான் வசிக்கும் ஹோர்சன்ஸில் கோபன்ஹேகன் ரயில் ஏறினேன். ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். ஃபிரடெரிசியா, ஓடென்ஸ எல்லாம் கடந்து, ரயில் கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அங்கே கைத்தொலைபேசிக்குத் தொடர்பு அறுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களும் அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்துவிட்டதாக வானொலி சொல்லிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் பெரியண்ணை கிளிநொச்சியில் ஆசிரியர். சண்டை நெருங்க நெருங்க, மனைவி பிள்ளைகளோடு கிழக்கே நகர்ந்துகொண்டே போனார். தை மாதத்துக்குப் பிறகு அவர் குரலை நாங்கள் கேட்கவில்லை.

தங்கை வாணி கோபன்ஹேகனின் அமாகர் பகுதியில் இருந்தாள். பல ஆண்டுகள் சுவீடனில் வாழ்ந்தவள். கணவரின் வேலைக்காக இங்கே மாறி வந்தவள். ஆறு வயது மகள் மாயாவைச் சிறியதொரு சுவீடிஷ் பள்ளியில் விட்டிருந்தாள். அன்று கணவர் வேலை விஷயமாக வெளியூரில்.

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில பெற்றோர் நாள், சின்னண்ணை. ஃபோனை விட்டிட்டு என்னால வெளிக்கிட ஏலாது. வீட்டு நம்பர் மட்டும்தான் அண்ணிக்குத் தெரியும். நீங்கள் ஒருக்கா மாயாவோட போங்கோ" என்று அழைத்திருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவளும் அசைத்தாள். இரண்டு பக்கமும் செய்தி இல்லை.

"மாயாவுக்கு ஒண்டும் சொல்லேல்லை. அவளுக்கு முன்னால கதைச்சுப் போடாதேங்கோ" என்றாள் மெதுவாக.

மறுநாள் காலை மாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பள்ளி ஒரு பழைய செங்கல் வீட்டின் இரண்டு மாடிகள். இருபது பிள்ளைகள்கூட இருக்காது. சப்பாத்தைக் கழற்றும் இடத்தில் ஒவ்வொரு கொளுக்கிக்கு மேலும் ஒரு பெயர். வெளியே டென்மார்க், உள்ளே வந்தால் பாட்டு, கதை, சண்டை எல்லாம் சுவீடிஷ். பிள்ளைகள் மொழியை மறந்துவிடக் கூடாது என்று பெற்றோர் சேர்ந்து நடத்துவதாக ஆசிரியை சொன்னார். அவர் சுவீடிஷில் பேச, நான் டேனிஷில் பதில் சொன்னேன். மெதுவாகப் பேசினால் முக்கால்வாசி விளங்கும். இவ்வளவு பக்கத்து மொழிக்கே இத்தனை பாடா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

பிறகு எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். வெயில் இருந்தும் காற்று குளிர்ந்தது. நீருக்கு அப்பால் மெல்லிய கோடாகச் சுவீடன். அதை நோக்கி நீண்டு செல்லும் பாலம். பிள்ளைகள் மணலில் வரிசையாக நின்று கைகாட்டினார்கள். அங்கேதான் எங்கள் வீடு, நாளைக்குப் போகிறோம் என்று ஒருவன் கத்தினான். நாங்களும், நாங்களும் என்று மற்றவர்கள்.

ஆசிரியை மாயாவிடம் குனிந்து, "இவர் யார்?" என்று கேட்டார்.

"மூர்ப்ரூர்" என்றாள் மாயா. அம்மாவின் சகோதரன். நம் தாய்மாமனுக்கு அச்சொட்டான சொல்.

"உனக்கு ஒரு மாமாதானா?"

"இரண்டு பேர். மற்றவர் தொலைந்துபோனார். அம்மா குளியலறைக்குள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறா. எனக்குத் தெரியாது என்று நினைக்கிறா."

அவள் சுவீடிஷில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஆசிரியை என் தோளில் கை வைத்தார். நான் மாயாவைத் தூக்கிக்கொண்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, இறங்கி ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வாணி தரையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி எடுத்தவ. வவுனியா முகாமில, ஆரின்ரையோ ஃபோனில. பிள்ளையள் ரெண்டும் அவவோட நிக்குதுகள்."

"பெரியண்ணை?"

"சனத்தோட சனமா வரேக்க கையை விட்டிட்டாவாம். பிறகு காணேல்லையாம்."

மாயா தாயின் மடியில் போய் ஏறினாள். வாணி கண்ணைத் துடைக்கப் பார்த்தாள்.

"விடு, வாணி. அவளுக்குத் தெரியும். எல்லாத்தையும் சொல்லு" என்றேன்.

மாலை ரயிலில் திரும்பினேன். மறுநாள் காலை எனக்கு வேலை. அந்தப் பிள்ளைகள் பாலம் கடந்து ஊர் போக ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரத்து ஊருக்கே அவர்கள் ஒரு பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் கரை எந்தக் கடற்கரையில் நின்றாலும் தெரியாது.

ஓடென்ஸ தாண்டியதும் வாணியின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது மாயா. வழக்கமாக எனக்குச் சுவீடிஷில் பதில் சொல்பவள், தமிழைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"மாமா, பெரிய மாமான்ர பேர் என்ன? அம்மா சொல்ல அழுறா."

மாதக்கணக்காக வாய்விட்டுச் சொல்ல நானும் பயந்திருந்த பெயர். யாரும் பேசக் கூடாத அமைதிப் பெட்டியில் இருந்தேன். எதிரே இருந்தவர் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தினார்.

"யோகநாதன்" என்றேன்.

"யூகநாதன்."

"யோ. யோகநாதன்."

"யோகநாதன்" என்றாள் மாயா, திருத்தமாக.